ருசிகுல்யா கரையில அப்பாவும் நானும்: ஆமைக்குஞ்சு பாக்கப் போன அஞ்சு நாள்

12 ஏப்ரல் 2023, புதன், பிரம்மபூர்

ஸ்டேஷன்ல இறங்கும்போது 11 மணி, பிளாட்ஃபார்ம் செருப்பத் தாண்டி சுட்டுச்சு. ஒடிசா முழுக்க வெயில் அலை, ஸ்கூலுக்கெல்லாம் இன்னிலேர்ந்து 16ஆம் தேதி வரைக்கும் லீவு விட்டுட்டாங்கன்னு லாட்ஜ்ல சாவி குடுத்தவர் சொன்னாரு. இந்த வெயில்ல எதுக்கு வந்தீங்கன்னு வாய் விட்டுக் கேக்கல, ஆனா அப்பாவோட நரைச்ச தலைய ஒரு தடவ பாத்துட்டு ஃபேன் நல்லா ஓடற ரூமா மாத்திக் குடுத்தாரு, அதே 900 ரூபாதான்.

எதுக்கு வந்தோம்னு சொல்லிடறேன். போன மாசம் சதீஷ் பாஸ்கர் காலமானார்னு படிச்சேன். கடலாமை முட்டையிடற இடங்களத் தேடி நம்ம நாட்டுக் கடற்கரைய ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே பாத்தவர், மெட்ராஸ் பாம்புப் பண்ணைலேர்ந்து வேலை ஆரம்பிச்சவர். 1982ல லட்சத்தீவுல சுஹேலிங்கற ஆளில்லாத தீவுல மழைக்காலம் முழுக்க தன்னந்தனியா இருந்து ஆமைகள ஆராய்ச்சி பண்ணிருக்காரு. மனைவிக்கு எழுதின லெட்டர பாட்டில்ல போட்டு கடல்ல எறிய, 24 நாள்ல அது இலங்கை மீனவர் ஒருத்தர் கைல சிக்கி, அவர் அத தபால்ல சேத்து அனுப்பிட்டாராம். இதப் படிச்ச அன்னிக்கு ராத்திரியே டிக்கெட் போட்டேன். அப்பா பெரம்பூர் ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர், வேலைல சேந்த புதுசுல ஆறு வருஷம் விஜயவாடா, தெலுங்கு நல்லா வரும். இந்த கஞ்சம் மாவட்டத்து கடற்கரை குப்பங்கள்ல நிறைய பேருக்கு வீட்டு பாஷை தெலுங்குதான், அதனால நீங்களும் வந்தே ஆகணும்னு அப்பாவ இழுத்துட்டு வந்தேன்.

ட்ரெயின்ல ஏறினதுலேர்ந்து அவருக்கு ஒரே கேள்வி, "நம்ம பெசன்ட் நகர்லயே ஆமைக்குஞ்சு விடறாங்களேம்மா, அதுக்கு இவ்ளோ தூரமா?" விடறாங்கதான். 1988லேர்ந்து ஸ்டூடண்ட்ஸ் நீலாங்கரைலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி ராத்திரியா நடந்து, முட்டைய எடுத்து வேலி போட்ட இடத்துல புதைச்சு பொரிக்க வெச்சு கடல்ல விட்டுட்டு வராங்க. ஆனா நம்ம ஊருக்கு வர ஆமை தனித்தனியா வரும். ருசிகுல்யா ஆத்து முகத்துக்கு இந்த வருஷம் பிப்ரவரி கடைசில வந்து முட்டை போட்டது 6.37 லட்சம் ஆமைன்னு வனத்துறை கணக்கு சொல்லுது. இப்ப அந்த முட்டையெல்லாம் பொரியற நேரம்.

சாயங்காலம் டிபன் பூரி, அதுக்குத் தொட்டுக்க உப்புமா! இந்த ஊர்ல அப்படித்தான் சாப்பிடறாங்களாம். கூட கொஞ்சம் குகுனி, நம்ம பட்டாணி சுண்டல கொழம்பா வெச்ச மாதிரி. ரெண்டு பேருக்கும் 80 ரூபா. அப்பா பூரிய உப்புமால தொட்டு ஒரு வாய் சாப்பிட்டு யோசிச்சாரு, அப்பறம் இன்னொரு பிளேட் சொன்னாரு.

13 ஏப்ரல், வியாழன்

ஆட்டோ 700 ரூபா. வெயில் ஏறறதுக்குள்ள கிளம்பணும்னு பிளான் போட்டும் கிளம்பினது 11 மணிக்குத்தான், தப்பு எங்க மேலதான். சத்ரபூர் தாண்டினதும் வழி நெடுக தாழம்புதர். இங்க தாழம்பூ பெரிய தொழில், கேவ்டா அத்தர் எடுக்கறாங்க, கஞ்சம் தாழம்பூவுக்கு புவிசார் குறியீடே இருக்கு. அம்மா பீரோல புடவைக்கு நடுவுல வெப்பாங்களே அந்த வாசனை, ஆட்டோக்குள்ள திடீர்னு வந்துச்சு.

ஒரு கிராமத்துல ஆட்டோக்காரர் சொல்லாம கொள்ளாம வண்டிய நிறுத்தி செருப்ப கழட்டிட்டாரு. முன்னாடி ரோட்டோர பொட்டல்ல அம்பது அறுபது ஆம்பளைங்க, இடுப்புல துணியோட, கொதிக்கற புழுதில படுத்துப் புரண்டுட்டு இருந்தாங்க. தண்ட நாட்டம், சித்திரை சங்கராந்தி வரைக்கும் பல நாள் விரதம், மதியத்துல புழுதி தண்டம், சாயங்காலம் தண்ணி தண்டமாம். பொம்பளைங்க குடம் குடமா தண்ணி கொண்டாந்து அவங்க எழுந்திருக்கற இடத்துல ஊத்தறாங்க. முடியற வரைக்கும் ஆட்டோ நகரல. அப்பாவும் இறங்கி செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல நின்னாரு. வேணாம்ப்பா கால் பொத்துடும்னேன், "அவங்க முதுகே அதுல கெடக்குது"ன்னாரு.

குப்பத்துல நாங்க தங்கறது ஒரு மீனவர் வீட்ல. வாடகையும் சாப்பாடும் சேத்து ஒரு நாளைக்கு ஆளுக்கு 500. வீட்டுக்கார அண்ணனுக்கு அப்பாவோட தெலுங்கு கேட்டதும் ஒரே சந்தோஷம், அதவிட சந்தோஷம் எங்களுக்கு, ஏன்னா அவரு காசிமேட்ல ரெண்டு சீசன் போட் வேலை பாத்தவராம், "வாங்க, சாப்ட்டீங்களா"ன்னு தமிழ்ல வேற கேட்டாரு. வெங்கல கிண்ணத்துல பக்கால் குடுத்தாங்க, அதாவது பழைய சோறு, அந்தத் தண்ணிக்குப் பேரு தொராணி. கூட வறுத்த மீன், இடிச்ச வடகத்துல பூண்டும் பச்சமிளகாயும் போட்டு பிசைஞ்சது, மாங்கா கீத்து. அப்பா கிண்ணத்தத் தூக்கி நீராகாரம் குடிக்கற மாதிரி குடிச்சத பாத்து அந்த வீட்டு அக்கா வாயப் பொத்திட்டு சிரிச்சாங்க.

வாசல்ல வலை மூட்டையா கட்டி வெச்சிருந்துச்சு. நவம்பர் 1லேர்ந்து மே 31 வரைக்கும் இந்த ஆத்து முகத்துலேர்ந்து 20 கிலோமீட்டருக்கு மீன் பிடிக்கத் தடை. ஏழு மாசம்! மூத்த பையன் சூரத்ல தறி ஓட்டப் போயிட்டான்னு அண்ணன் சொன்னாரு, குரல்ல கோபம் இல்ல. ஆனா அத கேட்டுட்டு அந்த 500 ரூபால பேரம் பேச நெனச்ச எனக்கு சங்கடமாயிடுச்சு.

சாயங்காலம் கரைக்குப் போனோம். யாரும் முன்கூட்டி சொல்லாதது நாத்தம். அழுகின முட்டை நாத்தம், மூக்குல ஏறி தொண்டைல நிக்குது. ஆமைங்க அலையலையா வந்து ஒரே இடத்துல தோண்டறதால பின்னாடி வந்தது முன்னாடி வந்ததோட குழிய கிளறிடும், அந்த முட்டை எல்லாம் மேல வந்து காஞ்சு வெள்ளை வெள்ளையா தோல் மாதிரி மணல் பூரா கெடக்கு. கால் வைக்க இடம் பாத்துத்தான் வைக்கணும். கடலோரத்துக்கு எதிர்ப்பக்கம், ஊர் பக்கம், முழங்கால் உயரத்துல நீளமா வலை கட்டிருக்காங்க. வனத்துறை வாட்ச்சர் ஒருத்தர் எங்க பேர நோட்ல எழுதிட்டு ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னாரு. வலைக்கு வெளியதான் நடக்கணும், வெளிச்சம் கூடாது.

ராத்திரி 9லேர்ந்து 12 வரைக்கும் உக்காந்திருந்தோம், மொத்தமே முப்பது நாப்பது குஞ்சுதான் வந்துச்சு. அப்பதான் நான் அந்தத் தப்ப பண்ணேன். அப்பாவோட கண்ணாடி மணல்ல விழுந்துடுச்சு, யோசிக்காம ஃபோன் டார்ச்ச போட்டுட்டேன், பத்து செகண்ட் இருக்கும். கடல் பக்கமா போயிட்டிருந்த ஏழெட்டு குஞ்சு அப்படியே நின்னு, திரும்பி, என்னப் பாத்து வர ஆரம்பிச்சுதுங்க. ஒரு பத்து வயசுப் பையன் எங்கேந்தோ ஓடி வந்து என் கையயும் ஃபோனயும் சேத்து ரெண்டு உள்ளங்கையால மூடிட்டான். திட்டல. "அக்கா, லைட்"னு மட்டும் சொன்னான். டார்ச்ச அணைச்ச பிறகும் ரெண்டு குஞ்சு என் கால் பக்கமே சுத்திட்டு இருந்துச்சு, அவன்தான் பொறுக்கி எடுத்துட்டுப் போய் ஈர மணல்ல விட்டான். ரூமுக்கு வந்து ரொம்ப நேரம் தூக்கம் வரல.

14 ஏப்ரல், வெள்ளி, புத்தாண்டு

காலைல அம்மா ஃபோன், வேப்பம்பூ பச்சடி இல்லாம வருஷப்பொறப்பான்னு வருத்தம். ஆனா இங்கயும் இன்னிக்குத்தான் வருஷப்பொறப்பு, பணா சங்கராந்தி! பணான்னா நம்ம பானகம்தான். வில்வப்பழ சதைய தண்ணில கரைச்சு, வெல்லம், தேங்கா, வாழப்பழம், மிளகுத்தூள் போட்டு சொம்பு நெறைய குடுத்தாங்க. துளசி மாடத்துக்கு மேல ஓட்டை போட்ட சின்ன பானை கட்டி, அதுலேர்ந்து தண்ணி சொட்டு சொட்டா செடி மேல விழற மாதிரி வெச்சிருக்காங்க, வெயில் காலம் பூரா அப்படி சொட்டுமாம். வீட்டுக்கார அக்கா எனக்கும் அப்பாவுக்கும் நெத்தில சந்தனம் வெச்சுவிட்டாங்க. நாங்க குடுத்த நூறு ரூபாய வாங்கல, இன்னிக்கு கைல காசு குடுக்கக் கூடாது, வேணும்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னாங்க.

பகல்ல வெளிய தலை காட்ட முடியல. திண்ணைல படுத்துக்கிட்டே அண்ணன் ஆமைக் கதை சொன்னாரு, அப்பா மொழிபெயர்ப்பு. இங்க ஆமை கூட்டமா வருதுன்னு ஊருக்கு எப்பவோ தெரியும், ஆராய்ச்சிக்காரங்களுக்குத் தெரிஞ்சது 1994லதான். சில வருஷம் வராமலே போயிடும், 2019ல கரைக்கு கூட்டம் வரவே இல்ல, அந்த வருஷம் ஊர் எழவு வீடு மாதிரி இருந்துச்சுன்னாரு. சின்ன வயசுல இவங்களே முட்டை எடுத்து தின்னவங்கதான், அதயும் ஒளிக்காம சொன்னாரு. மணல் சூடு ஏறினா பொண் குஞ்சு, சூடு கம்மின்னா ஆண் குஞ்சு, ரொம்ப ஏறிட்டா முட்டைக்குள்ளயே செத்துடும்னு வாட்ச்சர் சொன்னத அப்பாவால நம்ப முடியல. "இந்த வருஷ வெயிலுக்கு அத்தனையும் பொண்ணாத்தாம்மா இருக்கும்"னு அத ஒரு அஞ்சு தடவையாவது சொல்லிருப்பாரு.

ராத்திரி 10 மணிக்கு அந்தப் பையன் வந்து கதவ தட்டினான். நான் ஃபோன ஸ்விட்ச் ஆஃப் பண்ணி பைக்குள்ள போட்டு, பைய ரூம்லயே வெச்சுட்டுப் போனேன்.

தேய்பிறை, நிலா நடுராத்திரிக்கு மேலதான் வரும், நல்ல இருட்டு. முதல்ல ஒண்ணும் தெரியல, சத்தம்தான். காஞ்ச எலை மேல தூறல் விழற மாதிரி ஒரு சரசரப்பு, கரை முழுக்க. கண்ணு பழகினப்பறம் பாத்தா மணலே நகருது. சத்தியமா சொல்றேன், மணல் நகருது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் கறுப்பா ஊர்ந்து கடல் பக்கம் போகுது, நான் வாய் விட்டு அழுதுட்டேன், அப்பா என் தோளப் பிடிச்சுட்டு நின்னாரு, அவரும் பேசல.

எங்களுக்கு ஒரு அடி தள்ளி வலைக்கு உள்பக்கம் ஒரு குழி திறந்துச்சு, வாட்ச்சர் சிவப்புத்தாள் கட்டின டார்ச்ச ஒரு நிமிஷம் காட்டினாரு. முதல்ல மணல் சாஸர் மாதிரி உள்வாங்குது. அப்பறம் ஒரு மூக்கு. மூக்கு நுனில வெள்ளையா ஒரு புள்ளி, முட்டை ஓட்ட கிழிக்கறதுக்குன்னே இருக்கற பல்லாம், கொஞ்ச நாள்ல விழுந்துடும். அந்த மூக்கு அசையவே இல்ல, செத்துடுச்சுன்னு நெனச்சேன். பக்கத்துல இன்னொண்ணு, இன்னொண்ணு, திடீர்னு உலை கொதிக்கற மாதிரி மொத்தமும் பொங்கி வெளிய வந்துச்சு, அறுபது எழுபது இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி. குழிக்குள்ள ஒண்ணு தனியா இருந்தா மேல வரவே திணறுமாம். மேல இருக்கறதுங்க கூரைய சுரண்டுது, மணல் கீழ சரியுது, கீழ இருக்கறதுங்க அத மிதிச்சுக்குது, அப்படி மொத்தக் கூட்டமும் சேந்து நாள்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா தரைய உயத்திக்கிட்டே வருது. மேல மணல் ஆறினாத்தான் ராத்திரின்னு அதுங்களுக்குத் தெரியும், அதுவரைக்கும் அந்த மூக்கு காத்துட்டு இருந்திருக்கு.

குப்பத்துல ஒரு வீட்லயும் விளக்கு இல்ல. தெருவிளக்கும் இல்ல. வருஷப்பொறப்பு ராத்திரி அது! ஆனா தூரத்துல ஹைவே பக்கம் வானம் வெளுத்து கெடக்கு, கடல் மேல இருக்கற வெளிச்சத்தவிட அது ஜாஸ்தி. குஞ்சுகளுக்கு எது வெளிச்சமோ அதுதான் கடல். அதனால பாதிக் கூட்டம் கடலுக்குப் போனா மீதி ஊரப் பாத்து வருது, வந்து வலைல முட்டிக்கிட்டு நிக்குது. ஊர் ஜனம் மொத்தமும், பாட்டிலேர்ந்து பொடிசு வரைக்கும், வலையோரமா குனிஞ்சு பொறுக்கி பொறுக்கி பிளாஸ்டிக் பக்கெட்ல போட்டுட்டுப் போய் அலைக்கு பத்தடி முன்னாடி ஈர மணல்ல கவுக்கறாங்க. தண்ணிக்குள்ள நேரா போடக் கூடாதாம், "நடக்கட்டும், நடந்து போனாத்தான் கரைய ஞாபகம் வெச்சுக்கும்"னு அண்ணன் சொன்னாரு.

வாட்ச்சர் எங்களயும் பக்கெட் எடுக்கச் சொன்னாரு. முதல் குஞ்ச கைல எடுத்தப்போ பயமா இருந்துச்சு. பெரிய நெல்லிக்காய் கனம். உள்ளங்கைல வெச்சதும் நிக்கவே இல்ல, முன்துடுப்பு ரெண்டும் மாத்தி மாத்தி அடிக்குது, சொரசொரன்னு, என் கை ரேகை மேலயே நீந்திட்டு இருக்கு. அதுக்கு நான் ஒரு தடை, அவ்ளோதான். கீழ விட்டதும் ஒரு செகண்ட் கூட யோசிக்காம அலைய பாத்துப் போச்சு. முதல் அலை திருப்பி எறிஞ்சுது, மல்லாந்துச்சு, தலைய ஊணி புரண்டுச்சு, ரெண்டாவது அலை எடுத்துட்டுப் போயிடுச்சு.

15 ஏப்ரல், சனி

தூங்கவே இல்ல, அதனால இது நேத்தோட தொடர்ச்சிதான். நாலரைக்கு கிழக்கு வெளுத்ததும் எல்லாருக்கும் பரபரப்பு வந்துடுச்சு. காக்கா கூட்டம் வந்துடும், நாய் வந்துடும், அதவிட வெயில். ஏழு மணிக்கு மேல மணல் சுட ஆரம்பிச்சா தங்கிப்போன குஞ்சு அரை மணி நேரத்துல கருவாடு. ஸ்கூல் லீவுங்கறதால பசங்க அத்தனை பேரும் கரைலதான், பாதி பேர் கம்பு வெச்சு காக்கா விரட்டறான், பாதி பேர் தாழம்புதருக்குள்ள பூந்து மாட்டிக்கிட்டத எடுக்கறான், முள்ளுக் கீறல் கை பூரா. அப்பாவுக்கு முட்டி வலி, குனிய முடியல, மணல்லயே உக்காந்து நகந்து நகந்து பொறுக்கினாரு. ஒரு எடத்துல நண்டு ஒண்ணு குஞ்ச துடுப்பப் பிடிச்சு வளைக்குள்ள இழுத்துட்டு இருந்துச்சு, அப்பா விரலால நண்ட தட்டிவிட்டாரு. நண்டோட சாப்பாட்ட பிடுங்கினது சரியான்னு ரெண்டு பேரும் வீடு வர வரைக்கும் பேசிட்டே வந்தோம், முடிவுக்கு வரல.

ஆயிரத்துல ஒண்ணு வளந்து பெருசானா அதிகம்னு சொல்றாங்க. அது தெரிஞ்சும் இவங்க ஒண்ணு விடாம குனிஞ்சு எடுக்கறாங்க. ஏழு மாசம் இவங்களோட கடல பூட்டி வெச்சதே இந்த ஆமைங்களுக்காகத்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ எனக்கு அந்த வாசல் வலை மூட்டைதான் ஞாபகம் வந்துச்சு.

எட்டு மணிக்கு வெளியூர் கார் ரெண்டு வந்துச்சு, செல்ஃபி எடுக்க வலைய தாண்ட பாத்தாங்க. வீட்டுக்கார அக்கா, நேத்து சந்தனம் வெச்ச அதே கை, இடுப்புல வெச்சுட்டு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, வந்தவங்க நாலு பேரும் வந்த வழியே திரும்பிப் போயிட்டாங்க.

மதியம் செத்த மாதிரி தூங்கி, சாயங்காலம் பொடம்பேட்டா போனோம், ஆட்டோ 150. அந்தக் குப்பத்த கடல் தின்னுடுச்சு. பாதி இடிஞ்ச சுவரு, கடல் பக்கம் தொறந்து கெடக்கற சமையல்கட்டு, படி மட்டும் நிக்கற ஒரு வீடு. ஜனங்க உள்ள தள்ளி வேற எடத்துக்குப் போயிட்டாங்க. ஆமைக்கு வேண்டிய மணலும் அப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் எடம் மாறுதுன்னு ஆட்டோக்காரர் சொன்னாரு. ஒரு சுவத்துல நீலக்கலர் பெயிண்ட்ல புள்ளையார் படம் இன்னும் அழியாம இருந்துச்சு. அப்பா கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

16 ஏப்ரல், ஞாயிறு

கிளம்பற நாள். வீட்டுக்கார அக்கா ஒரு பொட்டலம் வடகமும் கருவாடும் குடுத்தாங்க, அந்த நூறு ரூபாய இப்பவும் வாங்கல, அப்பா அத அந்த பத்து வயசுப் பையனோட சட்டைப் பைல சொருகிட்டாரு. பையன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, உங்க ஊர்ல பீச்ல லைட் அணைப்பாங்களான்னு. மெரினாவ நெனச்சுட்டு நான் பதில் சொல்ல திணறினேன், அப்பா என்னமோ தெலுங்குல சொல்லி சமாளிச்சாரு.

பிரம்மபூர்ல அப்பளம் ரெண்டு கட்டு, 120 ரூபா. ட்ரெயின் நாலு மணி நேரம் லேட், வெயில்ல பிளாட்ஃபார்ம்ல உக்காந்து பதினோரு பாட்டில் தண்ணி குடிச்சோம். எங்க ரெண்டு பேர் மேலயும் அந்த முட்டை நாத்தம் இன்னும் போகல, எதிர் சீட் அம்மா முந்தானைய மூக்குல வெச்சுட்டாங்க, அப்பா அவங்ககிட்ட மொத்தக் கதையும் சொல்ல ஆரம்பிச்சதும் முந்தானை தானா இறங்கிடுச்சு.

17 ஏப்ரல், திங்கள், பெரம்பூர்

தம்பி பையன் வாசல்லயே நின்னுட்டு இருந்தான், அவனுக்கு நாலு வயசு. வீடியோ காட்டு அத்தன்னு ஃபோன பிடுங்கினான். வீடியோ இல்ல, பூரி உப்புமா போட்டோதான் இருக்கு. உதடு பிதுங்கிடுச்சு. அப்பா செருப்பக்கூட கழட்டாம அவன் பக்கத்துல படில உக்காந்து, "கைய நீட்டுடா"ன்னு சொல்லி அவன் உள்ளங்கைய விரிச்சு வெச்சுட்டு, ரெண்டு விரலால மாத்தி மாத்தி, மணிக்கட்டுலேர்ந்து விரல் நுனி வரைக்கும் சுரண்டிக்கிட்டே போனாரு. "கூசுது தாத்தா"ன்னு சிரிச்சான், ஆனா கைய மூடல.